‘கவனக்குறைவு’ என்ற காரணம்: இந்தியாவில் மின்விபத்தும் தொழிலாளர் சட்டமும்

மின்பொறியியல் ஆய்வகத்தில் கால்வைத்த எவருக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். மெயின் சுவிட்சுக்கு அருகில், சட்டமிட்டு, தூசி படிந்து தொங்கும் மின்னதிர்ச்சி முதலுதவி விளக்கப்படம் அது. பழைய படங்களில் ஒருவர் குப்புறக் கிடப்பார். மற்றொருவர் அவர்மேல் மண்டியிட்டு முதுகை அழுத்திக்கொண்டிருப்பார். மாணவப் பருவத்தில் அதை ஓர் அலங்காரமாகவே கருதியிருப்போம். உண்மையில் அது ஒரு சட்ட ஆவணம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுள் 44ஆவது விதி, மின்நிலையங்களிலும் துணைமின் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் இத்தகைய அறிவுறுத்தலை ஆங்கிலம் அல்லது இந்தியிலும், அத்துடன் அந்தந்த மாவட்டத்தின் மொழியிலும் கண்ணில் படும்படி ஒட்டிவைக்கவேண்டும் என்று பணித்தது.

மின்சாரம் தாக்கியபின் என்ன செய்வது என்பதை அப்படம் சொல்கிறது. தாக்கியது ஏன் என்ற கேள்விக்கு விடை வேறோர் இடத்தில், விசாரணை அறிக்கையின் ‘காரணம்’ என்ற கட்டத்துக்குள் எழுதப்படுகிறது. அக்கட்டத்தில் நான் மீண்டும் மீண்டும் வாசித்த சொல் ‘கவனக்குறைவு’. தொழிலாளியின் கவனக்குறைவு, பாதிக்கப்பட்டவரின் அஜாக்கிரதை, அனுமதியின்றிக் கம்பத்தில் ஏறியமை. எழுத்தர் ஒருவர் ஒரு நிமிடத்தில் எழுதி முடிக்கும் இச்சொல்லுக்கு ஏறத்தாழ நூறாண்டுச் சட்ட வரலாறு உண்டு. ஒரு குடும்பத்துக்குப் பணம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதைப் பல பதிற்றாண்டுகள் அதுவே தீர்மானித்தது. அவ்வரலாற்றைப் பற்றியது இப்பதிவு. சற்று நீளமானது; பொறுத்துக்கொள்க.

இந்தியாவில் மின்விளக்கு காட்சிப்பொருளாக வந்தது 1879இல், கல்கத்தாவில். 1887இலேயே மின்சாரத்துக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. அதன்பின் 1903இலும் 1910இலும் விரிவான சட்டங்கள் வந்தன. 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளை வரிசையாக வாசித்தால் அன்றைய அரசு எதையெல்லாம் அஞ்சியது என்பது புலப்படும். 31ஆவது பிரிவு இரயில்பாதை, கால்வாய், கப்பல்துறை ஆகியவற்றின் பாதுகாப்பு. 32ஆவது தந்திக் கம்பிகளின் பாதுகாப்பு. அவற்றுக்குப் பின்னரே 33ஆவது பிரிவில் விபத்தும் விசாரணையும் வருகின்றன. அந்தப் பிரிவும் ஆய்வாளரை விசாரிக்கச் சொல்வது ‘பொதுமக்களின் பாதுகாப்பைப் பாதிக்கும்’ விபத்தின் காரணத்தை. பிரிவுகளின் வரிசையிலிருந்து ஆட்சியாளரின் உள்ளத்தை அளந்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் கம்பத்தின்மேல் நிற்பவன் தொழிலாளி என்ற தனி அடையாளத்துடன் அங்கே தென்படவில்லை. கீழே நடந்துசெல்லும் பொதுமக்களுள் ஒருவனாகவே அவனையும் எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மின்சாரம் இந்தியத் தொழிலாளிக்கு இழைத்த முதற்பெருந்தீங்கு மின்னதிர்ச்சியும் அன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில் முன்பு பொழுது சாய்ந்தால் வேலை நின்றது. 1905இல் மின்விளக்குகள் பரவலாகப் பொருத்தப்பட்டதும் பகல் என்ற எல்லை அழிந்தது. வேலைநேரம் 13 மணி, 14 மணி, சில ஆலைகளில் அதற்கு மேலும் நீண்டது. அவ்வாண்டே தொழிலாளர் கொந்தளிப்பு எழுந்தது; விசாரணைக் குழுக்கள் அமைந்தன; துணியாலைகளில் வயதுவந்த ஆண்களின் வேலைநேரத்தை 12 மணியாக வரையறுத்த 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதன் விளைவு. களைப்பும் ஒரு மின்னிடர்தான் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். பதினான்காவது மணிநேரத்தில் ஒருவர் எவ்வளவு கவனமாக இருக்கமுடியும் என்பதையும் கணக்கில் கொண்டால் அது மிகையன்று.

இதற்குச் சற்று முன்பு, 1902இல், மைசூர் அரசு சிவசமுத்திரத்தில் காவிரியின் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய 92 மைல் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு அனுப்பத் தொடங்கியது. 30,000 வோல்ட் அளவில் இயங்கிய அந்தக் கம்பித்தடம் அக்காலத்தில் ஆசியாவிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்று. திவானாக இருந்து திட்டத்தை முன்னெடுத்த சேஷாத்ரி ஐயர், பொறியாளர் ஜோலி டி லாட்பினியர், விசைச்சுழலி தந்த சுவிஸ் நிறுவனம், மின்னாக்கி தந்த அமெரிக்க நிறுவனம் ஆகிய பெயர்கள் எல்லா நூல்களிலும் உண்டு. அம்மின்சாரம் சென்று சேர்ந்த சுரங்கங்களில் இறங்கியவர்களுள் பெரும்பாலோர் வடார்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்தும் தெலுங்கு மாவட்டங்களிலிருந்தும் சென்றவர்கள். பின்னர் வந்த மத்திய இழப்பீட்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. மைசூரோ சுதேச சமஸ்தானம். எல்லைக்கோட்டுக்கு இப்புறம் இறந்தால் ஒரு சட்டம், அப்புறம் இறந்தால் வேறு என்ற நிலையை, தங்கவயலைப் பற்றி எழுதும்போது நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

சட்டத்துக்குள் நுழையுமுன் உடலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கவனம் என்ற சொல்லின் பொருத்தமின்மை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தமிழில் ‘கரண்ட் இழுத்துவிட்டது’ என்கிறோம். இது வெறும் வழக்கன்று. உடலியல் உண்மைக்கு மிக அருகில் நிற்கும் சொல். மாறுமின்னோட்டம் முன்கைத் தசைகளைச் சுருக்குகிறது. விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலியவை. ஆகவே கை தான் பிடித்த கம்பியையே இறுகப் பற்றிக்கொள்ளும், விட நினைத்தாலும் விடமுடியாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தன்னார்வலர்களின் கையில் செப்புக்கம்பியைக் கொடுத்து, எந்த அளவு வரை அவர்களால் அதை விடமுடிகிறது என்று அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்குமேல் மனிதனின் விருப்பத்துக்கு அங்கே வேலையில்லை. 100 மில்லி ஆம்பியர் அளவில் மார்பின் ஊடே பாய்ந்தால், சில நொடிகளில் இதயம் ஒழுங்கிழந்து வெறுமனே துடிதுடிக்கும் நிலையை அடையக்கூடும்.

இவ்வெண்களை நம் வீட்டு மின்சாரத்துடன் ஒப்பிடுக. வியர்வையில் நனைந்த உடலின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறக்குறைய அவ்வளவுதான் வேண்டும். ஒரு பல்பை எரிக்கப் போதுமானது ஓர் ஆளைக் கொல்லவும் போதுமானது. இயந்திரப் பல்சக்கரம் சுழல்வது கண்ணுக்குத் தெரியும்; கொதிகலன் சீறுவது காதுக்குக் கேட்கும். உயிருள்ள கம்பியும் உயிரற்ற கம்பியும் பார்வைக்கு ஒன்றே. புலன்கள் எச்சரிக்காத ஓர் இடரில் ‘கவனமாக இரு’ என்ற அறிவுரை எதைக் கவனிக்கச் சொல்கிறது?

பொறியியல் இதனை உணர்ந்துகொண்டது என்றே சொல்லவேண்டும். டால்சீல் தம் அளவீடுகளிலிருந்து, 1960களில், மின்கசிவைக் கண்டதும் கணத்தில் சுற்றைத் துண்டிக்கும் கருவிக்குச் சென்றார். இன்று நம் வீடுகளில் உள்ள 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் தொட்டி, கொப்பரை போன்ற அடைபட்ட இடங்களுக்குள் கொண்டுசெல்லும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேற்படக்கூடாது என்றது. இவை இரண்டும் தொழிலாளியிடம் எந்தக் கவனத்தையும் கோருவதில்லை. ஒன்று மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. மற்றொன்று மின்னழுத்தத்தைக் குறைக்கிறது.

இழப்பீட்டுச் சட்டத்தின் பாதை இவ்வளவு நேரானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பொதுச்சட்டம் முதலாளிக்கு மூன்று கேடயங்களைத் தந்திருந்தது: விபத்துக்குக் காரணம் உடன்வேலை செய்தவன், ஆபத்தை அறிந்தே தொழிலாளி வேலைக்கு வந்தான், அவனுடைய கவனக்குறைவும் விபத்துக்குத் துணைபோயிற்று. இவற்றுள் எதை எடுத்தாலும் கம்பத்தில் ஏறியவன் தோற்றான். 1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதை மாற்றியது. வேலையின் விளைவாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்து என்றால் முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்கவேண்டியதில்லை. தொகை சிறிது: வயதுவந்தவர் இறந்தால் 30 மாத ஊதியம் அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது, நிரந்தர முழு ஊனத்துக்கு 42 மாத ஊதியம் அல்லது 3,500 ரூபாய், அங்கும் குறைவானதே. சிறுவர் இறந்தால் 200 ரூபாய்.

ஆனால் அச்சட்டத்தின் 3ஆவது பிரிவு ஒரு விதிவிலக்கைப் பொதித்து வைத்திருந்தது. தொழிலாளி குடிபோதையில் இருந்தாலோ, பாதுகாப்புக்கெனத் தெளிவாக இடப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினாலோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினாலோ புறக்கணித்தாலோ, அதனால் நேரடியாக விளைந்த விபத்துக்கு இழப்பீடு இல்லை. ‘வேண்டுமென்றே’ என்பது வலிமையான நிபந்தனைதான். வெறும் கவனக்குறைவு அதற்குள் அடங்காது என்று நீதிமன்றங்களும் பல தீர்ப்புகளில் கூறியுள்ளன. ஆயினும் கையுறை அணியாமை, இடுப்புக் கயிறு கட்டாமை, மின்தடை பெறாமை ஆகியவற்றை மேலே சொன்ன வாசகத்தோடு சேர்த்துப் படித்தால், விசாரணை அறிக்கையில் ஏன் அந்தச் சொற்கள் அத்தனை தவறாமல் இடம்பெறுகின்றன என்பது விளங்கும். கையுறை வழங்கப்பட்டதா, அது கிழியாமல் இருந்ததா என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டமில்லாவிடில் அக்கேள்வி எழுவதில்லை.

இந்தியத் தொழிலாளர் பற்றிய விட்லி ஆணையத்தின் 1931ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின், 1933இல், இவ்விதிவிலக்கில் சில சொற்கள் செருகப்பட்டன: ‘மரணத்தில் முடியாத’ காயம். அதாவது தொழிலாளி இறந்துவிட்டால் அவனுடைய கட்டளை மீறலைக் காட்டி இழப்பீட்டை மறுக்கமுடியாது. இறந்தவனால் தன் தரப்பைச் சொல்லவியலாது. அவன் குடும்பம் எத்தவறும் செய்யவில்லை. மனிதநேயமுள்ள திருத்தம் என்பதில் ஐயமில்லை. 1938இல் தனிச்சட்டம் ஒன்று உடன்வேலைக்காரன் என்ற கேடயத்தையும் பறித்தது.

ஆனால் 1933ஆம் ஆண்டுத் திருத்தம் யாரை வெளியே நிறுத்தியது என்பதை மின்விபத்தை முன்வைத்துப் பார்க்கவேண்டும். உயர்மின்னழுத்தம் தாக்கிப் பிழைத்தவர்களிடம் மருத்துவர்கள் அடிக்கடி காண்பது கையிழப்பு. மின்சாரம் கை வழியே நுழைந்து, எலும்பை ஒட்டிய தசைகளையும் குருதிக்குழாய்களையும் உள்ளிருந்து கருக்குகிறது. மேல்தோலில் சிறு புண்ணே தெரியும், சில நாள்களில் கையை எடுக்கவேண்டி வரும். இரு கைகளையும் இழப்பது அச்சட்டத்தின் முதல் அட்டவணைப்படி 100 விழுக்காடு ஊனம். இறந்திருந்தால் அவர் குடும்பத்துக்கு எதிராக எழுப்பமுடியாத வாதத்தை, பிழைத்து இரு கைகளுமின்றி நிற்பவருக்கு எதிராக எழுப்பலாம் என்ற நிலை தொடர்ந்தது. ‘அல்லது நிரந்தர முழு ஊனம்’ என்ற சொற்கள் அப்பிரிவில் சேர்ந்தது 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில். இடையில் 62 ஆண்டுகள். நாடு விடுதலை பெற்றது, மாநில மின்வாரியங்கள் தோன்றின, சிற்றூர்களுக்குக் கம்பி சென்றது, பம்புசெட்டுகள் ஓடின. இவ்வளவும் அந்த 62 ஆண்டுகளுக்குள்தான். இந்திய மின்மயமாக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் அணைக்கட்டுகளையும் மெகாவாட்டுகளையும் எண்ணுகிறார்கள். இந்த நான்கு சொற்கள் இல்லாதிருந்த காலத்தையும் உடன்வைத்து எண்ணவேண்டும் என்பது என் கருத்து.

இனி 1956ஆம் ஆண்டு விதிகளுக்குத் திரும்புவோம். அவற்றுள் 36ஆவது விதியே கம்பத்தொழிலாளியின் உயிர்நாடி. கம்பியைத் தொடுமுன் அதை நிலத்தோடு இணைத்தோ, பொருத்தமான வேறு வழியிலோ மின்னிறக்கம் செய்யவேண்டும். தற்செயலாக மீண்டும் மின்னேறாமலும் தடுக்கவேண்டும். உயிருள்ள கம்பியில் அதிகாரம் பெற்றவரன்றி வேறெவரும் வேலை செய்யக்கூடாது. நடைமுறை மொழியில் இதுவே ‘லைன் கிளியர்’ வாங்குவது, ஏ.பி. சுவிட்சைத் திறப்பது, எர்த் ராடு போடுவது.

எர்த் ராடு போடுவதை ஒரு சடங்காகக் கருதுவோர் உண்டு. துணைமின் நிலையத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்ட பின் அது எதற்கு? மின்மாற்றி இருவழிப்பாதை என்பதே விடை. அது 11,000 வோல்ட்டை 415 ஆகக் குறைப்பதுபோலவே, கீழ்ப்புறத்தில் மின்சாரம் ஊட்டினால் மேற்புறத்தில் 11,000 வோல்ட்டாக உயர்த்தவும் செய்யும். மின்தடையின்போது எங்கோ ஒரு கடையில் இயக்கிய ஜெனரேட்டர் உரிய மாற்றுச் சுவிட்ச் இன்றி இணைக்கப்பட்டிருந்தால், தெருக்கோடி மின்மாற்றி வழியாக அது உயர்மின்னழுத்தக் கம்பியை உயிர்ப்பிக்கக்கூடும். கம்பத்தின்மேல் இருப்பவர் எல்லாக் கட்டளைகளுக்கும் கீழ்ப்படிந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டே ஏறியிருப்பார். அவரைக் கொல்வது அவர் அறியாத கடையின் அறியாத ஜெனரேட்டர். அறிக்கையோ, ‘எர்த் ராடு பொருத்தாமல் கவனக்குறைவாக ஏறினார்’ என்று முடியும். அன்று அப்பிரிவு அலுவலகத்தில் எத்தனை எர்த் ராடுகள் இருந்தன?

‘அதிகாரம் பெற்றவர்’ என்ற தொடரும் இப்படியே திரும்பித் தாக்கியது. 3ஆவது விதியின்படி அதிகாரம் பெற்றோரின் பெயர்கள் அலுவலகத்தில் ஒரு பட்டியலாகப் பேணப்படவேண்டும். தகுதியற்றவரை ஆபத்தில் தள்ளாதிருக்க எழுந்த விதி அது. ஆனால் வேலையை ஒப்பந்தக்காரரின் ஆள்கள் செய்யும்போது, கம்பத்தில் ஏறுபவரின் பெயர் அப்பட்டியலில் இராது. உயிரோடு இருக்கும்வரை அவர் ஏறுவதை எவரும் தடுப்பதில்லை; இறந்த பின்னரே அவர் ‘அனுமதியற்றவர்’ ஆகிறார். இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளியும் பொறுப்பு என்று கூறி இதற்கு ஓரளவு விடை தந்தது. எனினும் அவர் அந்த ஒப்பந்தக்காரரின் ஆளே என்பதை எதைக்கொண்டு மெய்ப்பிப்பது? வருகைப் பதிவேடு யார் கையில் இருக்கிறது?

2002இல் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கொன்றில் அளித்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் அறிவார்கள். மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த கம்பி, இரவில் மிதிவண்டியில் வந்த ஒருவரைக் கொன்றது. யாரோ திருட்டுத்தனமாக மின்சாரம் எடுத்ததே காரணம் என்றது வாரியம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; ஆபத்தான பொருளைக் கையாள்பவர், கவனத்தோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், விளைவுக்குப் பொறுப்பு என்ற கண்டிப்பான பொறுப்புக் கோட்பாட்டை நிலைநிறுத்தியது. இத்தீர்ப்பைப் பற்றி எழுதுவோர் பலர் கடந்துவிடும் ஒரு செய்தி: இறந்தவர் தொழிற்சாலைத் தொழிலாளி, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். சாலையில் அவர் பொதுமக்களுள் ஒருவர், ஆகவே கவனம் பற்றிய கேள்வியே அற்ற முழுமையான பொறுப்பு. அதே கம்பி சில மணிநேரம் முன்பு தொழிற்சாலைக்குள் அவரைத் தாக்கியிருந்தால், இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைத் தொகையா, உரிமையியல் வழக்கா என்று இரண்டில் ஒன்றையே தேர்ந்திருக்கவேண்டும். இரண்டையும் நாட 3ஆவது பிரிவு இடந்தரவில்லை. 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘பொதுமக்கள்’ என்ற சொல் இவ்வாறு நெடுந்தொலைவு வந்து சேர்ந்திருக்கிறது.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு குறிப்பு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்று காட்டுகின்றன. மாணவர்கள் அந்த எண்ணைத் ‘தொழிலிட மின்விபத்து’ என்று மேற்கோள் காட்டுவதைக் கருத்தரங்குகளில் கண்டிருக்கிறேன், அது தவறு. அப்பட்டியலில் ‘மின்தாக்குதல்’ ஒரு தலைப்பு, ‘தொழிற்சாலை, இயந்திர விபத்து’ வேறொரு தலைப்பு. ஆலைக்குள் மின்சாரம் தாக்கி இறந்தவர் எத்தலைப்பின்கீழ் வருவார் என்பது காவல்நிலையத்தில் பதிவு செய்பவரின் கையில் இருக்கிறது. தொழிற்சாலை ஆய்வாளர்களின் கணக்கு பதிவுபெற்ற தொழிற்சாலைகளோடு நிற்கிறது. சுரங்கங்களுக்கு வேறு இயக்ககம். கட்டடத்தின் மேல்தளத்தில் கம்பியை வளைத்த கூலியாளும், பம்புசெட்டின் ஃபியூஸைப் போட்ட பண்ணையாளும், ஒப்பந்தக்காரரின் ஆளும் இக்கணக்குகளுக்கு இடையே விழுந்துவிடுகிறார்கள்.

இறுதியாக அந்தச் சுவர்ப்படம். குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தும் முறை எட்வர்ட் ஷேஃபர் என்ற உடலியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரில் மூழ்கியவர்களுக்காக வகுத்தது. அது மூச்சை மீட்கும். ஒழுங்கிழந்த இதயத்துக்கு அதனால் பயனில்லை. மின்தாக்குதலில் நிற்பதோ பெரும்பாலும் இதயம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கோவன்ஹோவன் என்ற மின்பொறியாளர், கம்பத்தொழிலாளரின் சாவுகளை ஆராயப்புகுந்து, பல்லாண்டுகள் கழித்து 1960இல் தம் மருத்துவ நண்பர்களோடு மார்பை அழுத்தும் முறையை வெளியிட்டார். இன்று உலகெங்கும் இதயத்துடிப்பு நின்றவருக்காகக் கற்றுத்தரப்படும் அந்த முதலுதவி, கம்பத்தில் இறந்தவர்களைப் பற்றிய கேள்வியிலிருந்து பிறந்தது. நம் ஆய்வகங்கள் சிலவற்றில் இன்னும் பழைய படமே தொங்குகிறது. உங்கள் துறையில் உள்ளதை நாளை ஒருமுறை பாருங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மின்வாரியங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றோரின் வீடுகளில் பழைய லைன் கிளியர் புத்தகங்களோ, விபத்து விசாரணைக் குறிப்புகளோ, அதிகாரம் பெற்றோர் பட்டியலின் நகல்களோ இருக்கக்கூடும். எடைக்குப் போடுமுன் எனக்கொரு தனிச்செய்தி அனுப்புங்கள்; படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன்.